சுடுகிற சக்கரம் எது?

ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் காலம். கடல் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைகளுக்கு நடுவே கிடைத்த அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைந்து, கிழக்கே வெறிகொண்டு பாய்கிறது. முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

அந்தக் காற்றைத்தான் நான் இரண்டு வாரமாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் திரும்பும்போதெல்லாம் என் பழைய டீசல் கார் இழுக்கவில்லை. ஐந்தாம் கியரில் போன சாலையில் நான்கைக் கேட்டது. நான்கில் போன இடத்தில் மூன்றைக் கேட்டது. ‘எதிர்காற்று அடிக்குது, வண்டி என்ன செய்யும்?’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் உண்டு. காற்றைக் கிழித்துப் போகும் வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆடிக் காற்றை எதிர்த்து வரும் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்.

ஒரு நாள் காலை நாகர்கோவிலிலிருந்து கிழக்கே புறப்பட்டேன். தோவாளையைத் தாண்டியதும் காற்று வண்டியின் முதுகில் கைவைத்துத் தள்ளுவது தெரிந்தது. அப்படியும் கார் சோர்ந்தே போனது. வாழைக்குலை ஏற்றிய மினி லாரி ஒன்று என்னை முந்திக்கொண்டு போய்ப் புள்ளியாகி மறைந்தது. முந்தைய நாட்களிலும் போகும்போது இப்படித்தான் இருந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்பதே உண்மை.

அந்த இடத்தில் என் சாக்கு செத்தது.

தம்பி, தங்கச்சி, உங்களிடம்தான் கேட்கிறேன். ‘வீட்டில் வசதி இல்லை’, ‘ஊரில் வாய்ப்பு இல்லை’, ‘எங்களுக்குச் சொல்ல ஆளில்லை’ என்று எத்தனை நாளாக எதிர்காற்றைக் கைகாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? எதிர்காற்று உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் காற்று உங்கள் பக்கம் திரும்பிய நாட்களும் இருந்தனவே! ஒரு விடுமுறை மாதம் கையில் இருந்தது. ஓர் ஆசிரியர் தாமாக வந்து உதவி செய்தார். ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பம் திறந்திருந்தது. அன்றைக்கும் நீங்கள் நகரவில்லை என்றால், கோளாறு காற்றில் இல்லை. உள்ளே எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் தன்னம்பிக்கையின் முதல் வேலை.

மிதிக்காதே, இறங்கிப் பார்

வண்டி சோர்ந்தால் நம் எல்லோருடைய காலும் ஒரே காரியத்தைத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தும். டீசல் கூடுதலாக எரியும், எஞ்சின் கூடுதலாகக் கத்தும், நான்கு கிலோமீட்டர் எப்படியோ ஓடியும் விடும். ‘பார்த்தாயா, போகுதே’ என்று மனசும் நம்பிவிடும். உள்ளே இருக்கிற கோளாறோ அந்த நான்கு கிலோமீட்டரில் இன்னும் பெரிதாகியிருக்கும்.

வாழ்க்கையிலும் இப்படித்தான் மிதிக்கிறோம். தேர்வில் தோற்றவன் எட்டு மணி நேரப் படிப்பைப் பன்னிரண்டு மணி நேரமாக்குகிறான். ஏன் தோற்றோம் என்று விடைத்தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வியாபாரத்தில் நஷ்டப்பட்டவன் இன்னொரு கடன் வாங்கிப் போடுகிறான். கணக்கு நோட்டைத் திறப்பதில்லை. இது வீரம் ஆகாது. பயத்துக்கு வீரத்தின் சட்டையை மாட்டி அனுப்புகிறோம், அவ்வளவுதான். உண்மையான தைரியம் எங்கே இருக்கிறது தெரியுமா? சாலையோரம் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கி, பானெட்டைத் தூக்குவதில் இருக்கிறது.

நான் இறங்கவில்லை. நகரத்தில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. “எஞ்சின் வேலை செய்யணும் சார். இறக்கித்தான் ஆகணும்.” அதற்கு ஒரு பெரிய தொகையும் சொன்னார்கள். எந்தச் சோதனையில் இதைக் கண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டிக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்பை நம்பாதே! ‘உனக்குக் கணக்கு வராது’, ‘உன் நாக்குக்கு இங்கிலீஷ் வராது’, ‘நம்ம குடும்பத்துல யாருக்கும் தொழில் சரிப்படாது’ என்று எத்தனை பேர் உன் எஞ்சினை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள்! அவர்களில் எத்தனை பேர் உன் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள்? எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். அதைச் சொல்லக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுத வேண்டும். தேய்மானம் தெரிந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. அளக்காமல் சொன்ன வார்த்தை வெறும் வார்த்தை. அதன் முன்னால் தலைகுனியாதே.

மூன்று கேள்விகள்

அடுத்து வண்டியை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. எழுபதைத் தொட்ட மூத்த மெக்கானிக் ஒருவர். “வண்டி இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி, எஞ்சின் போச்சுன்னு சொல்லுதாவ” என்றேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “ஓட்டு மக்களே” என்றார். போகும் வழியில் அவர் கேட்டது மூன்றே கேள்விகள். அவற்றை நீயும் மனசில் எழுதிக்கொள். வண்டிக்கும் ஆகும், வாழ்க்கைக்கும் ஆகும்.

முதல் கேள்வி: எஞ்சினுக்கு ஏறத் தெம்பு இருக்கிறதா? மிதித்தும் ரேஸ் ஏறாமல் முக்கினால், குறை எஞ்சினுக்குப் போய்ச் சேரும் தீனியில் இருக்கிறது. காற்று, எரிபொருள், நெருப்பு ஆகிய மூன்றில் ஒன்று குறைகிறது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! அத்தனையும் ஓர் ஏர் ஃபில்டர் வழியாகத்தான் நுழைய வேண்டும். அது தூசியில் அடைத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய எஞ்சினும் மூச்சு முட்டும். டீசல் ஃபில்டர் அடைத்தால் மேட்டில் திணறும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஓஸில் ஒரு கிழிசல் விழுந்தால் அழுத்திச் சேர்த்த காற்றெல்லாம் ‘உஸ்’ என்று வெளியே போகும், பின்னால் கறுப்புப் புகை வரும். பெட்ரோல் வண்டியில் நான்கு பிளக்கில் ஒன்று செத்தால் கால்வாசிப் பலம் போய், வண்டி உதறும்.

இரண்டாம் கேள்வி: எஞ்சின் ஏறுகிறது, வேகம் ஏறுகிறதா? மேல் கியரில் போகும்போது அழுத்தினால் சத்தம் மட்டும் கூடி, ஸ்பீடோமீட்டர் முள் அப்படியே நின்றால் கிளட்ச் நழுவுகிறது. கருகல் வாடை அதற்குச் சாட்சி. பலம் பிறக்கிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. நூலகத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்தும் மதிப்பெண் அசையாத பிள்ளைகளே, உங்கள் உழைப்பில் குறையில்லை. உழைப்புக்கும் தேர்வுக்கும் நடுவே பிடிப்பு இல்லை. படித்ததை எழுதிப் பாருங்கள். பழைய வினாத்தாளில் நேரம் வைத்துப் பாருங்கள். நழுவுகிற இடம் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

பலம் இருந்தும் போய்ச் சேரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய விடை நிற்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரு மலையில் கால்வாய்த் தண்ணீர் வந்து நிற்கிறது. நடுவே பறளியாறு ஓடும் பள்ளத்தாக்கு. அக்கரையில் வறண்ட நிலம். புதுத் தண்ணீர் தேடி யாரும் அலையவில்லை. 1966-ல் நூறு அடிக்கும் மேல் உயரமான தூண்கள் எழுப்பி, ஆயிரம் அடிக்கும் மேல் நீளமான ஒரு தொட்டியை வானத்தில் நீட்டினார்கள். தண்ணீர் அக்கரைக்கு நடந்துபோனது. இருக்கிற பலத்துக்கு வழி கொடு என்று அந்தத் தூண்கள் சொல்கின்றன.

மூன்றாம் கேள்விதான் என் கேள்வி: எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கனக்கிறதா?

கை சொன்ன உண்மை

பத்துக் கிலோமீட்டர் போல ஓட்டியிருப்பேன். ஓர் ஒதுக்கிடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தார். எதையும் தொடவில்லை. ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை மட்டும் காட்டினார். நான்காவது சக்கரத்தில், பின்பக்கம் இடதுபுறம், கை நின்றது.

“இங்க வா. கையக் காட்டு. தொட்டுராதே, பொத்துப் போவும்.”

அடுப்புப் பக்கத்தில் கைவைத்தது போல அனல்.

“கடப்புறத்துல எங்கயாவது கெடந்துச்சா வண்டி?”

“ஆனியில மூணு வாரம் முட்டத்துல நின்னுச்சு அண்ணாச்சி. ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் வந்தேன்.”

அவர் சிரித்தார். “எஞ்சினுக்கு ஒரு கொறையும் இல்ல மக்களே. பிள்ளைய ஓடுன்னு சொல்லிட்டு, பொறத்தேருந்து சட்டையப் பிடிச்சு வச்சிருக்கே.”

நடந்தது இதுதான். முட்டத்தில் மழையும் உப்புக் காற்றும் ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள் இறங்கித் துருவேற்றியிருக்கின்றன. மூன்று வாரம் இழுத்த நிலையிலேயே நின்ற கம்பி அங்கேயே இறுகிவிட்டது. நான் வந்து கைப்பிடியை இறக்கினேன். கைப்பிடி இறங்கியது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கும் அணைந்தது. ஆனால் அந்த விளக்கு கைப்பிடியைத்தான் பார்க்கும், சக்கரத்தைப் பார்க்காது. டிரம்முக்குள் பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரமாக நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன், பழியைக் காற்றின் மேல் போட்டுக்கொண்டு!

பட்டறைக்குத் திரும்பி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். வலது சக்கரத்தைக் கையால் சுழற்றினால் தாராளமாகச் சுற்றியது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. டிரம்மைக் கழற்றித் துருவைத் தேய்த்தார், ஷூ மாற்றினார், புதுக் கேபிள் போட்டார். அன்று சாயங்காலமே முடிந்தது. ‘எஞ்சின் வேலை’க்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அன்று காத்தது, இன்று தடுப்பது

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

ஹேண்ட் பிரேக் கெட்ட பொருள் இல்லை. வண்டி நிற்கும்போது அது உருண்டு போகாமல் காப்பது அதுதான். உன்னைப் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் கெட்டதாக இருக்காது. சின்ன வயசில் கூட்டத்தில் பேசி எல்லோரும் சிரித்தபோது, ‘இனி வாயே திறக்கக் கூடாது’ என்று உன் மனசு ஒரு பிரேக் போட்டது. அன்றைக்கு அது உன்னைக் காத்தது. அப்பாவின் கடை நொடித்தபோது, ‘நமக்கு இந்தத் தொழிலெல்லாம் வேண்டாம் மக்களே’ என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அதுவும் அன்பால் போட்ட பிரேக். நின்றிருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. இன்று நீ ஓட வேண்டிய நேரத்திலும் அது இறுகிக் கிடக்கிறதே, அதுதான் கோளாறு.

‘அதையெல்லாம் மறந்துட்டேன்’ என்கிறாய். கைப்பிடியை இறக்கிவிட்டாய், சரி. விளக்கும் அணைந்துவிட்டது. சக்கரம் விடுபட்டதா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சூட்டை வைத்துக் கண்டுபிடி! காரணமில்லாமல் எங்கே நீ சூடாகிறாயோ, அங்கேதான் பிடி இருக்கிறது. ‘இன்டர்வியூ எப்போ?’ என்று மாமா சாதாரணமாகக் கேட்டால் ஏன் சீறுகிறாய்? கூடப் படித்தவன் துபாயில் வேலைக்குச் சேர்ந்த செய்தி வந்தால் ஏன் போனைக் கவிழ்த்து வைக்கிறாய்? மேடை என்றதும் ஏன் வேர்க்கிறது? திட்டாதே, வெட்கப்படாதே. அந்தச் சூடு உன் எதிரி அல்ல. நான்கு சக்கரத்தில் எதைக் கழற்ற வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் நண்பன். கையை அங்கே கொண்டு போ. அதற்கு ஒரு பெயர் வை. ‘பத்தாம் வகுப்பு மேடைச் சிரிப்பு’, ‘அப்பாவின் கடைக் கடன்’ என்று தாளில் எழுது. பெயர் வைத்த கோளாறு பாதி சரியான கோளாறு.

மீதிப் பாதிக்குக் கழற்ற வேண்டும். துரு வாயால் சொன்னால் போகாது, தேய்த்தால்தான் போகும். பேசப் பயமா? இந்த வாரம் நான்கு பேர் முன்னால் நான்கு நிமிடம் பேசு. அடுத்த வாரம் பத்துப் பேர். தேய்க்கத் தேய்க்கச் சக்கரம் இளகும். தனியாகத் தூக்க முடியாததற்கு ஜாக்கியைக் கூப்பிடு. ஓர் ஆசிரியர், ஒரு மருத்துவர், விவரமறிந்த ஓர் அக்கா. உதவி கேட்பது பலவீனம் இல்லை. ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் படுப்பதுதான் மடத்தனம்.

திறந்து பார்த்தவனே வென்றான்

நம் தமிழ்நாட்டின் மோட்டார் கதையில் இந்தத் துணிச்சலுக்குப் பெரிய இடம் உண்டு. கோவைப் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணைப் பறித்தது. ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றிப் பவனி வரவில்லை. கழற்றினார், பார்த்தார், திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பஸ் நிறுவனமாக வளர்ந்தது. அந்தப் பஸ்களுக்கெல்லாம் விதை, கழற்றிப் பார்க்கப் பயப்படாத இரண்டு கைகள்.

அவர் காலத்தில் காதும் கையும் மூக்கும்தான் கருவிகள். இன்று உன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொருகி இருக்கிறது. அதில் ஸ்கேனரை மாட்டினால் எந்தச் சென்சார் என்ன சொல்கிறது என்று எழுத்தில் வந்து நிற்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டியென்றால் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. வடசேரிக்கும் வெட்டூர்ணிமடத்துக்கும் நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அது சூடேறாமல், கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். காவல்கிணறு தாண்டி நாற்கரச் சாலையில் ஒரே சீராக இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். சில வண்டிகளுக்கு நீண்ட சாலைதான் மருந்து. சில பிள்ளைகளுக்கும் அப்படித்தான்!

ஆகவே நாளை காலை ஒரு காரியம் செய். ஓட்டுநர் பக்கக் கதவைத் திற. பக்கத்துத் தூணிலோ கதவு விளிம்பிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் டயருக்கு எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். அந்த அளவுக்கு நிரப்பு. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். டிக்கியில் ஆறு மாதமாகச் சுமக்கும் வேண்டாத மூட்டையை இறக்கு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டு. செலவில்லாத சோதனை முதலில், சிறு செலவு அடுத்து, எஞ்சின் கடைசியில். சாயங்காலம் ஒரு தாளை எடுத்து இதே வரிசையில் உன்னையும் சோதி. தூக்கம், சாப்பாடு, கூட்டாளிகள், படிக்கும் முறை, கடைசியில் அந்தப் பழைய பயம். ‘எனக்குத் திறமை இல்லை’ என்ற தீர்ப்பை இதெல்லாம் பார்த்து முடிக்கும்வரை எழுதாதே. முடித்த பிறகு எழுத உனக்கே தோன்றாது.

வண்டி சரியான மறுநாள் திருநெல்வேலி போய்விட்டு மாலையில் திரும்பினேன். முப்பந்தலில் அதே காற்று. சாலையோரப் புளியமரங்கள் அதே வெறியில் ஆடின. காற்றாலை இறக்கைகள் என் முகத்துக்கு நேரே சுற்றின. ஆடி இன்னும் முடியவில்லை, எதிர்காற்று ஒரு பிடிகூடக் குறையவில்லை.

ஐந்தாம் கியரில், கால் அழுத்தமில்லாமல், அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு வண்டி ஆரல்வாய்மொழிக்குள் நுழைந்தது.

காற்று நிற்கட்டும் என்று காத்திருக்காதே. சுடுகிற சக்கரம் எது என்று பார். அதை விடுவித்துவிட்டுப் புறப்படு!